பலர் கண்டும் காவாத குழந்தை

பொறுப்பு பலருக்குப் பகிரப்படின், அஃது எவரிடத்தும் முழுமையாக நில்லாமற் போவதுண்டு. விக்டோரியா கிளிம்பி என்னும் சிறுமியின் சாவு இதற்குச் சான்று.

ஐவரி கோஸ்ட் நாட்டிற் பிறந்த அவளை, நல்ல கல்வி கிட்டுமென நம்பிப் பெற்றோர் உறவினள் ஒருத்தியுடன் ஐரோப்பாவுக்கு அனுப்பினர். 1999இல் இலண்டன் சேர்ந்தாள். அங்கே உறவினளும் அவள் துணைவனும் இழைத்த கொடுமையால், 2000 பிப்ரவரியில், எட்டு வயதில் மாண்டாள். உடலில் 128 காயங்கள் காணப்பட்டன.

காப்பதற்கு ஆளில்லாமலா? இல்லை. 1999 ஜூலையில் காயங்களைக் கண்டு ஐயுற்ற மருத்துவமனையில், காவல்துறை அவளைத் தன் பாதுகாப்பில் எடுத்தது. மூத்த மருத்துவர் ஒருவர் அவை சொறிநோய் என்றார். மறுநாளே பாதுகாப்பு நீங்கிற்று. சிறுமி கொடியோரிடமே திரும்பினாள். அதே மாதம் வேறொரு மருத்துவமனை அவளைத் தீப்புண்ணுடன் கண்டது. அங்கிருந்தும் அவ்வீட்டுக்கே அனுப்பப்பட்டாள். நான்கு வட்டாரங்களின் சமூகநலத் துறைகள் அவளை அறிந்திருந்தன. ஒவ்வொருவரும் ஒரு பகுதியை அறிந்தனர். முழுமையை ஒருவரும் அறிந்திலர்.

காப்பாற்றப் பன்னிரண்டு வாய்ப்புகளேனும் இருந்தன என்று 2003இல் லேமிங் பிரபுவின் விசாரணை அறிக்கை கூறிற்று. 2004ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் துறைகள் ஒத்துழைப்பதைக் கடமையாக்கிற்று.

இலண்டனில் எந்தப் பள்ளியிலும் அவள் சேர்க்கப்படவில்லை. நாள்தோறும் முகம் பார்த்து மாற்றம் அறியும் ஆசிரியர் ஒருவர் அவளுக்கு வாய்க்கவில்லை. வருகைப் பதிவேட்டில் இல்லாத குழந்தையைத் தேடுவதும் ஆசிரியர் கடனே.