வியூக விளையாட்டுகளில் பேரரசு எதிர்ப்பு: மாபுசே மக்களை முன்வைத்து

முன்னுரை

வரலாற்றைக் களமாகக் கொண்ட கணினி வியூக விளையாட்டுகள் பேரரசுகளோடு அவற்றை எதிர்த்த சிறு சமூகங்களுக்கும் இடமளிக்கின்றன. அவ்வெதிர்ப்புக்கு விளையாட்டின் விதிகள் தரும் பொருள் யாது என்பது தனித்து நோக்கத்தக்கது. ‘சிவிலைசேஷன் 6’ விளையாட்டின் ‘ரைஸ் அண்ட் ஃபால்’ விரிவாக்கத்தில் (2018) இடம்பெற்ற மாபுசே மக்களை முன்வைத்து இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

வரலாற்றில் எதிர்ப்பு

மாபுசேக்கள் இன்றைய சிலியின் தென்பகுதியைத் தாயகமாகக் கொண்ட தொல்குடியினர். அவர்களுக்கு ஒரே அரசனோ தலைநகரோ இருந்ததில்லை. ‘தோக்கி’ எனப்படும் படைத்தலைவர் போர்க்காலத்திற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1553 டிசம்பரில் துகாபெல் போரில் லௌதாரோவின் படை ஸ்பானிய ஆளுநர் பெத்ரோ தெ வால்திவியாவை வீழ்த்தியது. 1557இல் லௌதாரோ கொல்லப்பட்டார், எதிர்ப்போ ஓயவில்லை. 1598இல் குராலாபாவில் மற்றோர் ஆளுநரும் மாண்டார். அடுத்த சில ஆண்டுகளில் பியோபியோ ஆற்றுக்குத் தெற்கே இருந்த முதன்மையான ஸ்பானியக் குடியேற்ற நகரங்கள் அழிந்தன அல்லது கைவிடப்பட்டன. 1641இல் கிலின் உடன்படிக்கை அவ்வாற்றை எல்லையாக ஏற்றது. கைப்பற்றுவதற்கு ஒரு தலைநகரும், வீழ்த்துவதற்கு ஒரே தலைமையும் இல்லாமை இவ்வெதிர்ப்பு நீடித்தமைக்கு முக்கியக் காரணமாகும்.

விளையாட்டில் எதிர்ப்பு

விளையாட்டில் லௌதாரோ தொடக்கம் முதல் இறுதிவரை மாறாத தலைவர். பகை நகரின் எல்லைக்குள் அவர் படை எதிரிப்படையை வென்றால், அந்நகர் தன் நாட்டின்மீது கொண்ட பற்றுறுதி குறையும். அது முற்றும் குறைந்தால் நகர் பிரிந்துபோகும். பேரரசை உள்ளிருந்து தளர்த்தும் எதிர்ப்பின் இயல்பை இவ்விதி ஓரளவு உணர்த்துகிறது.

ஆனால் அடிப்படை விதிகள் அனைவர்க்கும் பொதுவானவை. மாபுசேக்களும் தலைநகர் அமைத்து நகரங்களைப் பெருக்க வேண்டும். நகரங்கள் அனைத்தையும் இழந்தால் அவர்கள் ஆட்டத்திலிருந்து நீங்க நேரும். போர்வழி வெற்றிக்குப் பிற நாடுகளின் தலைநகரங்களைக் கைப்பற்றியாக வேண்டும். அடிபணியாது நிலைத்திருத்தல் மட்டுமே இங்கு வெற்றியாகக் கொள்ளப்படுவதில்லை.

முடிவுரை

1641இல் மாபுசேக்கள் பெற்றது பிறர் நிலமன்று. தம் நிலத்தைப் பிறர் ஆளாமையே. விளையாட்டு அவர்களது பெயரையும் வீரத்தையும் ஏற்றுக்கொண்டு, அவர்தம் எதிர்ப்புக்கு வலுவூட்டிய சமூக அமைப்பை விட்டுவிடுகிறது. ஆட்டக்காரர் சிறியோர் பக்கம் நின்றாலும் பேரரசின் வழியிலேயே வெல்கிறார். எனவே இத்தகைய விளையாட்டுகளை ஆராய்வோர், எவர் இடம்பெற்றுள்ளனர் என்பதோடு நில்லாமல், எது வெற்றியாகக் கணக்கிடப்படுகிறது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.