தண்ணீரை மாற்றினோம், மீன்கள் இறந்தன

எட்டாம் வகுப்பு அறையின் ஓரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் பத்துப் பன்னிரண்டு கப்பி மீன்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை இரண்டு மாணவர்கள் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பினார்கள். திங்கட்கிழமை காலையில் பெரும்பாலான மீன்கள் இறந்து மிதந்தன. மீதி இரண்டும் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. "சோப்பு பக்கெட்டுல ஊத்திட்டாங்க சார்" என்று வகுப்பே அந்த இருவரையும் கைகாட்டியது. நானும் கடிந்துகொண்டேன். "சுத்தமான தண்ணிதான் சார் ஊத்தினோம்" என்று அவர்கள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

நல்லவேளையாக, இறைத்த பழைய நீர் செடிகளுக்கு ஊற்றுவதற்காக ஒரு வாளியில் இருந்தது. பி.எச். தாளை நனைத்துப் பார்த்தேன். வாளி நீர் 6, தொட்டி நீர் 8. மீன் கடையில் வாங்கிய அம்மோனியா சோதனைக் கரைசலில் வாளி நீர் லிட்டருக்கு 8 மில்லிகிராம் காட்டியது. தொட்டி நீர் ஏறக்குறைய 4. அதாவது மாணவர்கள் அம்மோனியாவைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். பிறகு ஏன் மீன்கள் இறந்தன?

மீன்கள் தம் உடலின் நைட்ரஜன் கழிவைப் பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகின்றன. மிஞ்சிய தீவனம் அழுகினாலும் அதுவே உண்டாகும். நீரில் இது இரு வடிவங்களில் இருக்கும். ஒன்று மின்சுமையற்ற அம்மோனியா. மற்றொன்று, அது ஒரு ஹைட்ரஜன் அயனியை ஏற்று உருவாகும் அம்மோனியம் அயனி. மின்சுமை இல்லாதது செவுளின் சவ்வை எளிதில் கடந்துவிடும். அயனிக்கு அது கடினம். வெளியே அம்மோனியா மிகுந்தால் மீனால் தன் கழிவை வெளியேற்ற முடியாது; வெளியிலிருப்பதும் உள்ளே வரும். ஆகவே நஞ்சு என்று நாம் அஞ்ச வேண்டியது முதல் வடிவத்தையே. சோதனைக் கரைசலோ இரண்டையும் சேர்த்துத்தான் காட்டுகிறது.

எந்த வடிவம் எவ்வளவு என்பதைப் பி.எச். தீர்மானிக்கிறது. அமில நீரில் ஹைட்ரஜன் அயனிகள் மிகுதி. சமநிலை அம்மோனியம் பக்கம் சாய்கிறது. 25 டிகிரி செல்சியசில் நஞ்சு வடிவத்தின் பங்கு பி.எச். 6-இல் சுமார் 0.06 சதவீதம், 7-இல் 0.6, 8-இல் 5.4, 9-இல் 36. முதலில் ஏறக்குறையப் பத்து மடங்காக ஏறும் எண், கடைசியில் ஏன் அப்படி ஏறவில்லை என்று கணித ஆசிரியரையும் கேட்கலாம். 9.25 அளவில் இரு வடிவங்களும் சரிபாதி ஆகிவிடுகின்றன என்பதே விடை. வெப்பநிலையும் சேர்ந்துகொள்ளும்: 30 டிகிரியில், பி.எச். 8-இல் இப்பங்கு 7.5 சதவீதம்.

இப்போது எங்கள் தொட்டிக்கு வருவோம். பழைய நீரில் 8 மில்லிகிராமில் 0.06 சதவீதம், அதாவது 0.005 மில்லிகிராம்கூட இல்லை. புது நீரில் 4 மில்லிகிராமில் 5.4 சதவீதம், சுமார் 0.2 மில்லிகிராம். மொத்தம் பாதியானது, நஞ்சோ நாற்பது மடங்குக்கு மேல் ஏறியது. மீன் வளர்ப்பில் பொதுவாக 0.02 மில்லிகிராமையே எல்லையாகக் கொள்வார்கள். பி.எச். திடீரென இரண்டு அலகு மாறியதும் மீன்களை வாட்டியிருக்கும்.

அவ்வளவு அம்மோனியா எப்படிச் சேர்ந்தது? பல மாதங்களாகப் பள்ளியின் ஆர்.ஓ. இயந்திர நீரையே தொட்டிக்கு ஊற்றி வந்தோம். அதில் பைகார்பனேட் மிகக் குறைவு. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அந்த வேலையின்போது அமிலத்தை உண்டாக்குகின்றன. தாங்கிக்கொள்ள பைகார்பனேட் இல்லாததால் பி.எச். மெல்ல இறங்கியது. இறங்க இறங்க அதே பாக்டீரியாக்களின் வேலையும் மந்தமானது, அம்மோனியா சேர்ந்தது. ஆனால் அமில நீரில் அது அம்மோனியமாக அடங்கிக் கிடந்ததால் மீன்கள் நலமாகவே தெரிந்தன. அந்த வாரம் இயந்திரம் பழுது. மாணவர்கள் ஊற்றியது ஆழ்துளைக் கிணற்றின் கடின நீர்.

"எலுமிச்சம்பழம் பிழியலாமா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்விதான், ஆனால் வேண்டாம். கடின நீரின் பைகார்பனேட் அந்த அமிலத்தை ஈடுசெய்து, பி.எச்.-ஐ மீண்டும் மேலே கொண்டுவந்துவிடும். இந்த ஏற்ற இறக்கமே மீனுக்குக் கேடு. தொட்டி ஏற்கெனவே 8-க்கு வந்துவிட்டதால் அதே கிணற்று நீரைக் கொண்டு தினமும் கொஞ்சம் மாற்றினோம். இனி அது அம்மோனியாவைக் குறைக்க மட்டுமே செய்யும். தீவனத்தையும் நிறுத்தினோம். இரண்டில் ஒன்று பிழைத்தது.

உங்கள் பள்ளியில் தொட்டி இருந்தால், நீர் மாற்றுமுன் பழைய நீர், புது நீர் இரண்டின் பி.எச்.-ஐயும் பாருங்கள். வேறுபாடு பெரிதாக இருந்தால் ஒரு நாளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மாற்றாதீர்கள். ஆர்.ஓ. நீரை மட்டுமே ஊற்றாமல் கிணற்று நீரையும் தொடர்ந்து கலந்து வாருங்கள். மீன்கள் மேலே வந்து வாய் திறந்தால் ஆக்சிஜன் குறைவாகவும் இருக்கலாம். காற்றுக் குமிழி மோட்டாரை ஓடவிட்டு, அம்மோனியாவையும் சோதியுங்கள். மேலே தந்த சதவீதங்களைக் கரும்பலகையில் எழுதி, மொத்த அம்மோனியாவை மட்டும் சொல்லிவிட்டால் நஞ்சின் அளவை மாணவர்களே கணக்கிடுவார்கள். பத்தாம் வகுப்பில் பி.எச். பாடம் நடத்தும்போது இது மிகவும் கைகொடுக்கும்.

கணக்கை வகுப்பில் போட்டுக் காட்டிவிட்டு, அந்த இரு மாணவர்களிடமும் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். இப்போது தொட்டியின் பி.எச். பதிவேட்டை எழுதுவது அவர்கள்தான்.