மின்னணுச் சான்றும் நாடுகளின் சட்ட ஒத்துழைப்பும்

குற்றம் நிகழ்ந்த இடத்திலோ அதன் சுற்றுப்புறத்திலோதான் அதற்கான சான்றும் கிடைக்கும் என்ற எண்ணத்தின் மீதே நமது புலனாய்வு முறை நெடுங்காலம் இயங்கி வந்தது. ஆயுதம், கணக்குப் புத்தகம், கடிதம் ஆகியவற்றைத் தேடும் காவல்துறை அதிகாரி மாவட்ட எல்லையையோ மாநில எல்லையையோ கடந்தால் போதுமானதாக இருந்தது. கணினியும் கைபேசியும் இந்நிலையை அடியோடு மாற்றிவிட்டன.

மும்பையின் தாராவியில் தோல் பட்டறை நடத்தும் ஒருவருக்கு, காவல் அதிகாரி எனக் கூறிக்கொண்டு ஒருவன் காணொலி அழைப்பு விடுக்கிறான் எனக் கொள்வோம். அச்சத்தில் அவர் தமது சேமிப்பை அனுப்பிவிடுகிறார். அப்பணம் மாதுங்காவில் கல்லூரி மாணவர் ஒருவரின் வங்கிக் கணக்கு வழியாகக் கைமாறுகிறது. அழைத்தவன் தென்கிழக்கு ஆசிய நாடொன்றில் இருக்கிறான். அழைப்பின் பதிவேடுகளோ அமெரிக்க நிறுவனம் ஒன்றின் வசம் உள்ளன. மாணவர் குற்றத்திற்கு உடந்தையா, அல்லது அவரது கணக்கைப் பிறர் தவறாகப் பயன்படுத்தினரா என்பதைக் காட்டக்கூடிய சான்றும் அப்பதிவேடுகளில் இருக்கலாம். ஆகவே, குற்றவாளியைத் தண்டிப்பதற்கு மட்டுமன்றி, நிரபராதியைக் காப்பதற்கும் வெளிநாட்டுச் சான்று தேவைப்படுகிறது.

மும்பை தந்த படிப்பினை

ஒரு நாட்டின் காவல்துறை மற்றொரு நாட்டில் தானே சோதனை நடத்த இயலாது; அந்நாட்டின் உதவியை நாடியே ஆக வேண்டும். 2008 நவம்பரில் மும்பையில் நிகழ்ந்த பயங்கரவாதத் தாக்குதல் இதனைத் தெளிவாக உணர்த்தியது. தாக்கியவர்களுக்குப் பாகிஸ்தானிலிருந்து கட்டளையிட்டவர்கள் இணையவழித் தொலைபேசியைப் பயன்படுத்தினர். அச்சேவையை அளித்த நிறுவனம் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இருந்தது. அதற்கான கட்டணத்தில் ஒரு பகுதி இத்தாலியிலிருந்து செலுத்தப்பட்டிருந்தது. அமெரிக்கப் புலனாய்வுத் துறையின் வல்லுநர்கள் இக்கருவிகளையும் பதிவுகளையும் ஆராய்ந்து உதவியதுடன், மும்பைத் தனி நீதிமன்றத்தில் சாட்சியமும் அளித்தனர். 2010 மே மாதத்தில் அந்நீதிமன்றம் அளித்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2012 ஆகஸ்டில் உறுதி செய்தது.

அயல்நாட்டில் உள்ள சாட்சியைக் காணொலி வாயிலாக விசாரிக்கலாம் என்ற நிலையும் மும்பை வழக்கொன்றில்தான் உறுதியாயிற்று. மகாராஷ்டிர அரசுக்கும் மருத்துவர் பிரபுல் தேசாய்க்கும் இடையிலான வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் இவ்வாறு தீர்ப்பளித்தது. 2016 பிப்ரவரியில், அமெரிக்கச் சிறையில் இருந்த டேவிட் ஹெட்லி மும்பை நீதிமன்றத்தின் முன் காணொலி வழியே சாட்சியமளித்தது இம்முறையின் பயனைக் காட்டியது.

வேண்டுகோள் செல்லும் வழி

உதவி கோருவதற்கு முக்கியமாக இரு வழிகள் உள்ளன. முதலாவது, நீதிமன்றம் அனுப்பும் வேண்டுகோள் மடல். 1990-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட இவ்விதி, 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 112-ஆம் பிரிவாக இடம் பெற்றுள்ளது. பிற நாடுகள் நம்மிடம் உதவி கோருவதற்கு 113-ஆம் பிரிவு வகை செய்கிறது. இரண்டாவது, பரஸ்பர சட்ட உதவி உடன்படிக்கை. அமெரிக்காவுடன் 2001-இல் கையெழுத்தான உடன்படிக்கை 2005-இல் நடைமுறைக்கு வந்தது. இவ்வுதவிக்கான மைய அதிகார அமைப்பாக மத்திய உள்துறை அமைச்சகம் விளங்குகிறது.

செம்பூரில் பதிவான வழக்கொன்றில் மின்னஞ்சலின் உள்ளடக்கம் தேவைப்பட்டால், வேண்டுகோள் மாநில உள்துறை வழியாக மத்திய உள்துறை அமைச்சகத்தை அடைகிறது. பின்னர் அது அமெரிக்க நீதித்துறைக்கும், அங்குள்ள நீதிமன்றத்திற்கும், இறுதியில் நிறுவனத்திற்கும் செல்கிறது. 1986-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி, உள்ளடக்கத்தை அந்நாட்டு நீதிமன்ற ஆணையின்றி அயல்நாட்டு அரசுக்கு வழங்க இயலாது. அவ்வாணைக்குப் போதிய முகாந்திரம் காட்டப்பட வேண்டும். கணக்கு வைத்திருப்பவரின் பெயர், இணைப்பு எண் போன்ற விவரங்களுக்கு இத்தடை இல்லை; உயிருக்கு ஆபத்து நேரும் அவசர நிலையில் உள்ளடக்கத்தையும் நிறுவனம் தானே முன்வந்து அளிக்கலாம்.

காலமும் வடிவமும்

இங்கே எழும் முதல் இடர்ப்பாடு காலதாமதம் ஆகும். அமெரிக்காவிற்கு வரும் இத்தகைய வேண்டுகோள்களை நிறைவேற்றச் சராசரியாகச் சுமார் 10 மாதங்கள் ஆவதாக, அந்நாட்டு அதிபர் அமைத்த ஆய்வுக் குழு 2013-இல் தெரிவித்தது. பெரிய நிறுவனங்கள் பலவோ, காவல்துறை கோரினால் பதிவுகளை வழக்கமாக 90 நாட்களுக்கே அழியாமல் காத்து வைக்கின்றன. எனவே புகார் வந்தவுடன் பாதுகாப்புக் கோரிக்கை அனுப்புவதும், கெடு முடியுமுன் அதனை மீண்டும் மீண்டும் புதுப்பிப்பதும் இன்றியமையாதவை. இதில் தவறினால், வேண்டுகோள் முறைப்படி சென்று சேரும்போது தருவதற்கு எதுவும் எஞ்சியிராது.

இரண்டாவது இடர்ப்பாடு சான்றின் வடிவம். கிடைத்த பதிவு நம் நீதிமன்றத்தில் ஏற்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். மின்னணுப் பதிவுக்கு உரிய சான்றிதழ் கட்டாயம் என்பதை ஜால்னா தேர்தல் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி, பதிவை வைத்திருப்பவரும் வல்லுநரும் தனித்தனியே சான்றளிக்க வேண்டும். பதிவு மாறவில்லை என்பதைக் காட்டும் கணித அடையாளமும் குறிக்கப்பட வேண்டும். வெளிநாட்டிற்கு எழுதும் முதல் கடிதத்திலேயே இச்சான்றிதழைக் கேட்டுவிட்டால், வழக்கு விசாரணைக்கு வரும்போது மீண்டும் எழுதிக் காத்திருக்க நேராது.

உலக அரங்கில்

2001-ஆம் ஆண்டின் புடாபெஸ்ட் உடன்படிக்கையில் இந்தியா உறுப்பினர் அல்ல. ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை 2024 டிசம்பரில் சைபர் குற்றங்களுக்கு எதிரான உடன்படிக்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. 40 நாடுகள் முறைப்படி உறுதி செய்த பின்னரே அது நடைமுறைக்கு வரும். அமெரிக்கா 2018-இல் இயற்றிய சட்டத்தின் கீழ், பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் அந்நாட்டு நிறுவனங்களிடம் நேரடியாக விவரம் கோரும் ஒப்பந்தங்களைச் செய்துகொண்டுள்ளன. வேகம் விரும்பத்தக்கதே. ஆயினும் நீதிமன்றத்தின் மேற்பார்வையின்றித் தனிமனிதரின் கடிதங்களைப் பெறும் வசதி, அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக 2017-இல் உச்ச நீதிமன்றம் அறிவித்த நாட்டில் கவனத்துடன் எடைபோடப்பட வேண்டியதாகும்.

உடன்படிக்கைகள் தலைநகரங்களில் கையெழுத்தாகலாம். அவற்றின் பயனோ புகாரைப் பெறும் காவல் நிலையத்தில் தொடங்குகிறது. பாதிக்கப்பட்டவர் தாமதமின்றி 1930 என்ற உதவி எண்ணை அழைப்பதும், உரையாடல்களை அழிக்காமல் வைத்திருப்பதும், அதிகாரி அன்றே பாதுகாப்புக் கோரிக்கை அனுப்புவதும், தேவையானதை மட்டும் காரணத்துடன் கேட்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் செயல்கள் அல்ல. தாராவிப் பட்டறைக்காரரின் பணமும் மாதுங்கா மாணவரின் எதிர்காலமும் இத்தகைய நடைமுறை ஒழுங்கையே பெரிதும் நம்பியிருக்கின்றன.