கண்ணீர்த்துளி முகாம் வண்டியின் உள்ளமைப்பு

கண்ணீர்த்துளி முகாம் வண்டி என்பது மகிழுந்தின் பின்னால் இணைத்து இழுத்துச் செல்லப்படும், இருவர் படுத்துறங்கத்தக்க சிறிய இருசக்கர இழுவண்டி (டிரெய்லர்) ஆகும். பக்கவாட்டில் பார்க்கும்போது முன்புறம் உருண்டும் பின்புறம் சரிந்து குறுகியும் காணப்படுவதால் இப்பெயர் பெற்றது. உள்ளே படுக்கையும், பின்புறத்தில் மேல்நோக்கித் திறக்கும் கதவின் கீழ்ச் சிறு சமையலிடமும் அமைந்திருப்பது இதன் பொதுவான வடிவம். எழுந்து நிற்கும் அளவு உயரம் இதில் இராது. தச்சுவேலையில் ஓரளவு பழக்கமுள்ளவர்கள் வீட்டிலேயே இதனைச் செய்துகொள்கின்றனர்.

இவ்வண்டியின் உள்ளமைப்பைத் திட்டமிடுவது அலமாரிகளை எங்கே பொருத்துவது என்பதோடு முடிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு பொருளும் இருக்கும் இடம், சாலையில் வண்டி நேராக ஓடுமா ஆடுமா என்பதைத் தீர்மானிக்கின்றது. காற்று வரும் வழியும் போகும் வழியும் உறங்குவோரின் உயிரோடு தொடர்புடையவை. இக்கட்டுரை, ஈரமும் உப்புக்காற்றும் பலத்த குறுக்குக்காற்றும் ஒருசேர உள்ள கன்னியாகுமரி மாவட்டத்துச் சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவற்றை விளக்குகின்றது.

வரலாறு

இவ்வகை வண்டிகள் 1930களில் ஐக்கிய அமெரிக்காவில் தோன்றின. கைவினை இதழ்கள் வெளியிட்ட வரைபடங்களைப் பார்த்துப் பலர் தாமே இவற்றைச் செய்துகொண்டனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மிஞ்சிய அலுமினியத் தகடுகள் மலிவாகக் கிடைத்தமையால் 1940களின் பிற்பகுதியில் இவை பெருகின. பின்னர் பெரிய முகாம் வண்டிகள் வந்தபோது செல்வாக்கிழந்து, 1990களில் மீண்டும் ஆர்வலர்களின் கவனத்தைப் பெற்றன.

இவற்றின் அளவைத் தீர்மானித்தது ஒட்டுப்பலகை (பிளைவுட்) எனலாம். ஒரு முழுப் பலகை 8 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்டது. அதனை வெட்டி வீணாக்காமல் பயன்படுத்தியதால் 8 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரம் என்பது பழைய வண்டிகளின் வழக்கமான அளவாயிற்று.

தமிழ்நாட்டில் இதற்கு மிக நெருங்கிய முயற்சி ஒன்று 2019இல் சென்னையில் நடைபெற்றது. நாமக்கல்லைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் அருண் பிரபு, மூன்று சக்கர ஆட்டோ ஒன்றின் மீது 'சோலோ .01' என்னும் நடமாடும் வீட்டை ஏறத்தாழ ஒரு இலட்சம் ரூபாய் செலவில் அமைத்தார். 36 சதுர அடிப் பரப்பில் சமையலிடம், குளியல் தொட்டி, கழிவறை, இருக்கையிடம் ஆகியவற்றைக் கீழேயும், படுக்கையையும் பணியிடத்தையும் மேல்தளத்திலும் வைத்தார். கூரையில் சூரிய மின்தகடுகளும் 250 லீட்டர் நீர்த்தொட்டியும் இருந்தன. கண்ணீர்த்துளி வண்டி இதற்கு நேர்மாறான வழியைக் கொண்டது. அது மேல்தளத்தையும் கழிவறையையும் கைவிட்டுத் தாழ்ந்து நிற்கின்றது. 250 லீட்டர் நீரின் எடை 250 கிலோகிராம். சிறிய இழுவண்டி ஒன்றின் கூரையில் அதனை ஏற்றுவது நினைத்துப் பார்க்கவும் இயலாதது.

படுக்கையிலிருந்து தொடங்குதல்

உள்ளமைப்பில் முதலில் முடிவு செய்யவேண்டியது மெத்தையின் அளவே. வண்டியைச் செய்து முடித்தபின் அதற்கேற்ற மெத்தையைத் தேடுவது புதிதாகச் செய்வோரின் வழக்கமான தவறு. இந்தியக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் மெத்தைகளின் நீளம் 6¼ அடி (75 அங்குலம்). அகலம் 4 அடி எனில் இருவர் நெருக்கியே படுக்கவேண்டும். எனவே இக்காலத்தில் பலர் 5 அடி அகல உடலைத் தெரிவு செய்கின்றனர். குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ள குறுகிய வளைவுச் சாலைகளைக் கருதும்போது, அகலத்தை இதற்கு மேல் கூட்டாதிருப்பது நல்லது.

8 அடி நீளமுள்ள வண்டியில் படுக்கை 75 அங்குலத்தை எடுத்துக்கொண்டால், சமையலிடத்துக்கு 21 அங்குலமே எஞ்சும். இதனை ஈடுசெய்யப் படுப்போரின் கால்பகுதிக்கு மேலே உள்ள வெற்றிடத்தைப் பயன்படுத்துகின்றனர். தலை முன்புறமும் கால் பின்புறமும் இருக்குமாறு படுக்கையை அமைத்து, பாதங்களுக்கு மேல் சுமார் 45 சென்ரிமீட்டர் இடைவெளி விட்டு, அதற்கு மேலுள்ள இடத்தைச் சமையலிட அலமாரிக்கு விட்டுவிடலாம். ஒரே நீளம் இவ்வாறு இருமுறை பயன்படுகின்றது. நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளில் இருந்த பத்தாயத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. நெல் சேமிக்கும் அப்பெரிய மரப்பெட்டியின் மூடிப்பலகையே இரவில் கட்டிலாகவும் பயன்பட்டது.

கூரையின் வளைவு எங்கே உச்சம் பெறவேண்டும் என்பதும் கவனிக்கத்தக்கது. தலையணைக்கு நேர் மேலே உயரம் தேவை என்று முதலில் தோன்றும். ஆனால் படுத்திருப்பவர் எழுந்து உட்காரும்போது அவருடைய தலை, தலையணைக்கு மேல் அன்றி, இடுப்பு இருந்த இடத்துக்கு மேல் வருகின்றது. ஆகவே உச்சி படுக்கையின் நடுப்பகுதிக்கு அருகில் அமையவேண்டும். உட்கார்ந்த நிலையில் வளர்ந்த ஒருவரின் உயரம் ஏறத்தாழ 90 சென்ரிமீட்டர். மெத்தையின் தடிமனையும் சேர்த்தால் உள்ளே 105 முதல் 110 சென்ரிமீட்டர் உயரம் வேண்டும். தலைமாட்டில் கூரை தாழ்வதால் அங்கே குறுகிய அலமாரி ஒன்றைத் தடையின்றி வைக்கலாம்.

இவற்றைத் தாளில் வரைந்து மட்டும் முடிவு செய்தல் போதாது. தரையில் சுண்ணக்கட்டியால் முழு அளவில் கோடு கிழித்து, அதற்குள் இருவர் படுத்துப் பார்ப்பதும், அட்டைப்பெட்டிகளை அலமாரிகளாகக் கருதி வைத்துப் பார்ப்பதும் பலகை வெட்டுவதற்கு முன் செய்யவேண்டியவை. நள்ளிரவில் ஒருவர் வெளியே செல்ல மற்றவரைத் தாண்டவேண்டியிருக்கின்றதா என்பது அப்போதுதான் தெரியவரும். இரு பக்கமும் கதவு இருப்பின் இச்சிக்கல் இல்லை. ஒரே கதவு எனில் அது சாலையோரப் பக்கம் திறக்கவேண்டும். இந்தியாவில் அது இடப்பக்கம். அமெரிக்க வரைபடங்களில் ஒற்றைக் கதவு வலப்பக்கம் இருக்கும். அவற்றைப் பின்பற்றுவோர் இடவலம் மாற்றிக்கொள்ளவேண்டும். இதனைக் கவனியாதோர் ஓடும் லாரிகளின் பக்கமாக இறங்க நேரிடும்.

முன்பாரமும் பின்பாரமும்

மாட்டுவண்டி ஓட்டியோர் இக்கோட்பாட்டை நன்கு அறிந்திருந்தனர். இருசுக்கு முன்னால் சுமை மிகுந்தால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும்; அது முன்பாரம். பின்னால் மிகுந்தால் நுகம் மேலே தூக்கி, கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும், அது பின்பாரம். கூண்டு வண்டியில் ஏறியவர்களை முன்னால் தள்ளி உட்காரச் சொல்வதும் பின்னால் நகரச் சொல்வதும் இதனாலேயே. சிறிதளவு முன்பாரம் இருப்பதே நல்ல வண்டிக்கு அடையாளம்.

இழுவண்டியிலும் இதே விதி செயற்படுகின்றது. மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு, மகிழுந்துடன் இணையும் கொக்கியின் மீது இறங்கவேண்டும் எனப் பரிந்துரைக்கப்படுகின்றது. இதனைவிடக் குறைந்தால், குறிப்பாக வேகம் கூடும்போது, வண்டி இடமும் வலமும் ஊசலாடத் தொடங்கும். அவ்வூசல் ஒவ்வொரு சுற்றிலும் வளர்ந்து மகிழுந்தையே சாலையிலிருந்து இழுத்துவிடக்கூடும். மிகையானால் மகிழுந்தின் பின்புறம் அமிழ்ந்து, முன்சக்கரங்களின் பிடிமானம் குறையும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதலாம். தண்ணீர் இல்லாத நிலையில் ஒரு வண்டியின் எடை 375 கிலோகிராம், கொக்கியின் மீதான சுமை 45 கிலோகிராம், கொக்கிக்கும் அச்சுக்கும் இடையே தூரம் 2.5 மீட்டர் எனக் கொள்வோம். முன்பாரம் 12 விழுக்காடு. இப்போது 25 லீட்டர் தண்ணீர்க் கலனைப் பின்புறச் சமையலிடத்தில், அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் வைத்தால், கொக்கிச் சுமை 25 × 1 ÷ 2.5 = 10 கிலோகிராம் குறையும். மொத்தம் 400 கிலோகிராமில் 35 கிலோகிராம். அதாவது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. வண்டி ஆபத்தான நிலைக்குச் சென்றுவிட்டது. அதே கலனை அச்சுக்கு 1 மீட்டர் முன்னால், படுக்கைக்கு அடியில் வைத்தால் கொக்கிச் சுமை 55 கிலோகிராம் ஆகும். இது ஏறத்தாழ 14 விழுக்காடு. ஒரே கலன், ஒரே வண்டி. இடம் மட்டும் மாறியுள்ளது. பயணத்தில் தண்ணீர் தீர்ந்துவிடும் என்பதால், நிறைந்த நிலை, காலியான நிலை ஆகிய இரண்டுக்கும் கணக்குப் பார்க்கவேண்டும்.

சமையலிடம் பின்னால் இருப்பதனால் பாத்திரம், அடுப்பு, அரிசி, குளிர்பெட்டி எல்லாம் இயல்பாகவே அச்சுக்குப் பின் சேர்கின்றன. எனவே மின்கலம், உதிரிச் சக்கரம், கருவிப்பெட்டி போன்ற கனமானவற்றை முன்புறம் வைத்துச் சரிசெய்கின்றனர். அச்சையும் உடலின் நடுவில் பொருத்தாமல் சற்றுப் பின்தள்ளியே பொருத்துவர். முன்பாரத்தை அளக்க, குளியலறை எடைப்பொறி ஒன்றைக் கொக்கிக்கு அடியில் மரக்கட்டையோடு வைத்து, வண்டி சமமட்டத்தில் நிற்கும்போது பார்த்தாலே போதும்.

நாஞ்சில் நாட்டில் இது ஏட்டளவான எச்சரிக்கை அன்று. காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலை, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியிலுள்ள ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே செல்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்று இக்கணவாயில் நெருக்குண்டு விரைவதாலேயே முப்பந்தலில் காற்றாலைகள் பெருமளவில் நிறுவப்பட்டன. ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை காற்று பலமாக வீசும். பின்பாரம் மிகுந்த வண்டி, சாதாரண நாளில் ஆடாமல் வந்தாலும், இங்கே ஒரு வீச்சில் ஊசலாடத் தொடங்கலாம். அவ்வாறு நேர்ந்தால் திடீரெனத் தடையை அழுத்தாமல், திசைமாற்றியை நேராகப் பிடித்து வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கவேண்டும்.

காற்றும் ஈரமும்

உள்ளிடத்தின் கன அளவு சுமார் 2.5 கன மீட்டர். அதாவது 2,500 லீட்டர். உறங்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 12 லீட்டர் கார்பனீரொக்சைட்டை வெளிவிடுகின்றார். இருவர் முழுதும் அடைக்கப்பட்ட நிலையில் உறங்கினால், ஒவ்வொரு மணி நேரத்திலும் உள்ளே அதன் செறிவு ஏறத்தாழ 1 விழுக்காடு உயரும். வெளிக்காற்றில் அது சுமார் 0.04 விழுக்காடே என்பதை ஒப்புநோக்கினால் இதன் கடுமை விளங்கும். மழைக்காகக் கதவுகளை இறுகச் சாத்தியபோதும் மூடாத துளைகள் இருக்கவேண்டும்: ஒன்று தரையருகே, மற்றொன்று கூரையில். வெப்பமான காற்று மேலே வெளியேறக் குளிர்ந்த காற்று கீழே நுழையும். இரண்டுக்கும் கொசுவலை இடவேண்டும். சிறு 12 வோல்ட் விசிறி, கடற்கரையின் புழுக்கமான இரவுகளில் பெரிதும் உதவும்.

எரிவாயு உருளையை உறங்குமிடத்துக்குள் எக்காரணத்தைக் கொண்டும் வைத்தலாகாது. திரவப் பெட்ரோலிய வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில், அதாவது மெத்தையை ஒட்டியே தங்கும். உருளைக்கென வெளியே தனிப்பெட்டி அமைத்து, அதன் அடியில் துளையிடவேண்டும். மழையின்போது அடுப்பை உள்ளே எடுத்துச்செல்லும் ஆசை எழும். ஆனால் அடுப்பிலிருந்து வரும் கார்பனோரொக்சைட்டுக்கு மணமில்லை, உறங்குவோர் அதனை அறியமாட்டார். மேலே தூக்கி நிறுத்தப்படும் பின்கதவே சமைப்பவருக்குக் கூரையாக அமைவதால் உள்ளே செல்லவேண்டிய தேவையும் எழுவதில்லை. அக்கதவின் கீல் வழியே நீர் கசிவது இவ்வண்டிகளின் பரவலான குறை. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் இம்மாவட்டத்தில், கீலுக்கு மேல் ரப்பர் பட்டையும் பக்கங்களில் வடிகால் பள்ளமும் இன்றியமையாதவை.

மூச்சிலும் வியர்வையிலும் வெளியேறும் நீராவி, குளிர்ந்த சுவரிலும் மெத்தையின் அடியிலும் நீர்த்துளியாகப் படியும். முழுப்பலகையின் மீது மெத்தையை இட்டால் சில வாரங்களில் பூசணம் பிடிக்கும். இடைவெளி விட்ட மரச்சட்டங்களின் மீது இடுவதே முறை. தென்னை நாரையும் ரப்பர் பாலையும் கொண்டு செய்யப்படும் கயிற்றுநார் மெத்தை, காற்றை ஊடுருவ விடுவதால் இதற்கு ஏற்றது. ஒட்டுப்பலகைக்குக் கடல்தரம் எனப்படும் ஐ.எஸ். 710 வகையும், திருகாணிகளுக்குத் துருப்பிடியா எஃகும் உப்புக்காற்றைத் தாங்கும்.

பதிவு

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் வரையறைப்படி இழுவண்டியும் மோட்டார் வாகனத்துள் அடங்கும். ஆகவே வீட்டில் செய்யப்பட்டதாயினும் பதிவு செய்யாமல் பொதுச்சாலையில் இழுத்துச் செல்ல இயலாது. எடையும் அளவும் குறிக்கப்பட்ட வரைபடத்துடன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை முன்கூட்டியே அணுகுவது, செய்துமுடித்தபின் மாற்றங்கள் செய்யும் வீண்செலவைத் தவிர்க்கும். வண்டி ஓடும்போது அதனுள் எவரும் பயணம் செய்யலாகாது.