மேசைப் போர்க்களம் – 11: இரண்டு புள்ளி எலி

மேசையின் ஒரு பக்கம் முப்பது குதிரை வீரர்கள், தலை முதல் குளம்பு வரை இரும்பு. எதிர்ப்பக்கம் இருநூறு எலி மனிதர்கள். பாதிப் பேர் கையில் துருப்பிடித்த கத்தி, மீதிப் பேர் கையில் கிடைத்த கம்பு. இந்த இரண்டு படைகளும் சமம் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் ஆடுபவர்கள் பகடையைத் தொடுகிறார்கள். முதல் நாளே போனில் பேசி முடித்திருப்பார்கள்: "ரெண்டாயிரம் பாயின்ட், சரியா?" "சரி."

சென்ற வாரம் பொம்மைகளுக்குச் சாயம் பூசும் கலையைப் பார்த்தோம். இந்த வாரம் அதே பொம்மைகளின் பெயருக்கு எதிரே அச்சாகியிருக்கும் அந்தச் சின்ன எண்ணைப் பார்ப்போம். புதிதாக வருபவர்கள் அதைக் கூட்டிப் பார்த்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், இந்த விளையாட்டில் மனித உழைப்பு மிக அதிகமாகப் புதைந்திருக்கும் இடம் அதுதான்.

சதுரங்கம் ஆடுபவர்களுக்கு இது புதிதல்ல. சிப்பாய்க்கு 1, குதிரைக்கு 3, யானைக்கு 5, ராணிக்கு 9 என்று மனக்கணக்கு வைத்திருப்பார்கள். ஆனால் சதுரங்கத்தில் இருவருக்கும் ஒரே படை. குதிரையின் மதிப்பைத் தவறாகப் போட்டாலும் ஆட்டத்தின் நியாயம் கெடாது. மினியேச்சர் போரிலோ அந்த எண்ணைக் கொடுத்துத்தான் படையையே வாங்குகிறோம். விலை தவறினால் முதல் பகடை உருளும் முன்பே பாதி ஆட்டம் முடிந்துவிடும். 1983-இல் இங்கிலாந்தில் பிரையன் ஆன்செல், ரிச்சர்ட் ஹாலிவெல், ரிக் பிரீஸ்ட்லி மூவரும் எழுதிய 'வார்ஹேமர்' விளையாட்டு, பதிப்புக்குப் பதிப்பு இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியதை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம்.

முதலில் ஒரு வீரனை எடுத்துக்கொள்வோம். சாதாரண ஈட்டிக்காரன். அவன் மேல் அடி விழ எதிரி 4 அல்லது அதற்கு மேல் போட வேண்டும். அடி காயமாக மாற இன்னொரு 4. அதன் பிறகு அவன் கவசத்துக்கு ஒரு வாய்ப்பு; 5 அல்லது 6 விழுந்தால் பிழைத்தான். இரண்டில் ஒன்று, இரண்டில் ஒன்று, மூன்றில் இரண்டு. பெருக்கினால் ஆறில் ஒன்று. ஆறு வெட்டுக்கு ஒருவன் விழுவான். கவசத்தை ஒரு படி உயர்த்தி 4 விழுந்தாலே காக்கும் என்று வைத்தால், அவனை வீழ்த்த எட்டு வெட்டு வேண்டும். இன்னொரு படி உயர்த்தினால் பன்னிரண்டு. அதற்கும் மேல் ஒரு படி போனால் இருபத்து நான்கு.

ஆறு, எட்டு, பன்னிரண்டு, இருபத்து நான்கு. முதல் படியில் ஆயுள் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. கடைசிப் படியில் அப்படியே இரட்டிக்கிறது. படிக்கு ஒரு புள்ளி என்று ஒரே விலை போட்டால், ஏற்கெனவே இரும்பு போர்த்தியவனுக்கு ஆயுள் கொள்ளை மலிவாகக் கிடைக்கும். ஒவ்வொரு திறனுக்கும் தனித்தனியாக விலை போட்டுக் கூட்டும் சூத்திரங்கள் எல்லாம் இங்கேதான் இடறுகின்றன. திறன்கள் கூட்டலில் சேர்வதில்லை, பெருக்கலில் சேர்கின்றன.

பெருக்கத் தெரிந்தால் போதுமா? போதாது. ஒரு மெய்க்காப்பாளன் சாதாரண வீரனைப் போல இரு மடங்கு அடிப்பான், இரு மடங்கு தாங்குவான் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண வீரன் 5 புள்ளி. மெய்க்காப்பாளனுக்கு எவ்வளவு போடலாம்? வரிசைகள் மோதி, முன்னால் நிற்பவன் மட்டும் சண்டை போடும் ஆட்டமாக இருந்தால், ஒரு மெய்க்காப்பாளன் விழுவதற்குள் எதிர்ப்பக்கம் நாலு பேர் விழுந்திருப்பார்கள். எனவே 20 புள்ளி நியாயம். அதே இருவர் வில்லாளிகள், எல்லாரும் ஒரே நேரத்தில் அம்பு விடலாம் என்றால் கணக்கு மாறிவிடும். பத்து மெய்க்காப்பாளர்களுக்கு எதிரே இருபது சாதாரண வில்லாளிகளை நிறுத்துங்கள். இரு பக்கமும் ஒரே அளவு அம்பு, ஒரே அளவு தாக்குப்பிடிப்பு. இப்போது நியாயமான விலை 10தான்.

இந்தக் கணக்கை முறையாக எழுதி வைத்தவர் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். கார்கள் கட்டியவர். முதல் உலகப் போரின்போது வான்படையைப் பற்றி எழுதியதில், எல்லாரும் எல்லாரையும் சுடக்கூடிய போரில் எண்ணிக்கையின் வலிமை இருமடியாகப் பெருகும் என்று காட்டினார். ஒருவருக்கு ஒருவர் மோதும் பழங்காலப் போரில் அப்படிப் பெருகாது. மேசைப் போர் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்கிறது. எங்கே நிற்கிறது என்பதை விதிப்புத்தகம் தீர்மானிக்கிறது. ஆகவே விதி மாறினால், ஒரு பொம்மையைக்கூடத் தொடாமலே எல்லாப் பொம்மைகளின் விலையும் பொய்யாகிவிடும்.

அது 2010-இல் அப்படியே நடந்தது.

வார்ஹேமரில் எலி மனிதர்களின் படைக்கு ஸ்கேவன் என்று பெயர். 2009-இல் அவர்களுக்குப் புதிய படைப்புத்தகம் வந்தது. அதில் அடிமை எலி ஒன்றின் விலை 2 புள்ளி. அன்றைய ஏழாம் பதிப்பு விதிகளில் அது சரியான விலைதான். பாய்ந்து வரும் குதிரைப்படை முதலில் அடிக்கும்; முன்வரிசை செத்து விழும்; விழுந்த இடத்துக்கு வந்து நிற்பவன் அந்தச் சுற்றில் திருப்பி அடிக்க முடியாது. தோற்ற அளவுக்கு மனத்திடம் குறையும். எலிகள் சிதறி ஓடும்.

அடுத்த ஆண்டே எட்டாம் பதிப்பு வந்தது. பாய்ந்தவன் முதலில் அடிப்பான் என்ற விதி போய், வேகம் உள்ளவன் முதலில் அடிப்பான் என்றானது. விழுந்தவனின் இடத்தை நிரப்புகிறவன் உடனே அடிக்கலாம். இரண்டாம் வரிசையும் கைகொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எதிரியைவிட அதிக வரிசை வைத்திருக்கும் அணி எவ்வளவு மோசமாகத் தோற்றாலும் மனத்திடம் குறையாமல் பகடை போடலாம் என்று புது விதி ஒன்று வந்தது.

இப்போது ஐம்பது அடிமை எலிகளை ஐந்து ஐந்தாகப் பத்து வரிசையில் நிறுத்துங்கள். செலவு 100 புள்ளி. இரண்டு வரிசையில் வரும் குதிரைப்படை எத்தனை பேரை வெட்டினாலும், மூன்று வரிசை மிஞ்சும்வரை எலிகளின் உறுதி குலையாது. கூட்டமாக நின்றால் துணிச்சல் கூடும் என்பது எலிகளின் தனி விதி. தளபதியும் பக்கத்தில் இருந்துவிட்டால் இரண்டு பகடையில் 10 அல்லது அதற்குக் குறைவாக விழுந்தாலே போதும். முப்பத்தாறில் முப்பத்து மூன்று முறை அது விழும். கைகலப்புச் சுற்றுக்கு எட்டு எலி செத்தாலும் நாலு சுற்று தாங்கும். அதுவும் போதாதென்று, அடிமைகள் சிக்கியிருக்கும் கைகலப்பின் மீது சொந்தப் படையே சுடலாம் என்று அவர்கள் புத்தகம் அனுமதித்தது. 400 புள்ளி கொட்டிக் கட்டிய வீரர்கள், 100 புள்ளி எலிச்சேற்றில் வெகுநேரம் கால் புதைந்து நிற்பார்கள்.

எலி மாறவில்லை. அதன் வலிமை, வேகம், கவசம், விலை என எல்லாம் 2009-இல் அச்சான அதே எண்கள். ஒரு புள்ளி ஏற்றினால் தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். 2-ஐ 3 ஆக்கினால் அது ஐம்பது சதவீத ஏற்றம். 30 புள்ளிக் குதிரை வீரனுக்கு ஒரு புள்ளி ஏற்றினால் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. மலிவான வீரர்களிடம் நுட்பமாகத் திருத்த இடமே இல்லை. பழைய பதிப்புகளில் கோப்ளின் ஒன்றுக்கு இரண்டரைப் புள்ளி என்று பாதிக் கணக்கெல்லாம் போட்டிருக்கிறார்கள். பிறகு வந்தவர்கள் கூட்டுவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று அந்தப் பாதியைக் கைவிட்டார்கள். எனக்கு அந்தப் பாதி மேல் இன்றும் மரியாதை உண்டு.

அடுத்த சிக்கல் துணைக்கு நிற்பவர்களால் வருகிறது. சுற்றியுள்ள எல்லாருடைய அடியும் 4-க்குப் பதில் 3-இலேயே விழும்படி செய்யும் தளபதி ஒருவர் இருக்கிறார் என்று வையுங்கள். பாதியாக இருந்த வாய்ப்பு மூன்றில் இரண்டாகிறது. மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அடி. அவர் பக்கத்தில் 60 புள்ளிக்குப் படை நின்றால் அந்த வரம் 20 புள்ளி பெறும். 240 புள்ளிக்கு நின்றால் 80. எதை அச்சடிப்பது? 80 போட்டால் சிறிய படைக்காரர் அவரைத் திரும்பியும் பார்க்கமாட்டார். 20 போட்டால் எல்லாப் படையும் அவரைச் சுற்றியே மொய்க்கும். நல்ல வடிவமைப்பாளர்கள் இங்கே விலையை விட்டுவிட்டு விதியைத் தொடுவார்கள். வரம் ஒரே ஓர் அணிக்குத்தான் என்று கட்டிவிடுவார்கள். அதுதான் சரி என்று நான் நினைக்கிறேன். கட்டு இல்லாத வரத்துக்கு நியாயமான விலை என்று ஒன்று இருக்கவே முடியாது.

விலையால் முடியாததை வேலி போட்டுச் செய்வது பழைய வழக்கம். 1990-களில் வந்த நான்காம், ஐந்தாம் பதிப்புகளில் படையின் பாதிப் புள்ளிகளை நாயகர்கள் மேலேயே கொட்டலாம். மந்திர வாள் ஏந்திய ஒருவர் தனியாக ஒரு படைப்பிரிவையே அறுத்துத் தள்ளுவார். மற்ற பொம்மைகள் வேடிக்கை பார்க்கும். எட்டாம் பதிப்பில் பெருந்தலைவர்களுக்கு 25 சதவீதத்துக்கு மேல் கூடாது, சாதாரணப் படைக்கு 25 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று எல்லை வகுத்தார்கள். மேன்டிக் நிறுவனத்தின் 'கிங்ஸ் ஆஃப் வார்' இன்னும் அழகாக யோசித்தது. பெரிய அணியை வாங்கினால்தான் நாயகனுக்கோ பீரங்கிக்கோ பூதத்துக்கோ கதவு திறக்கும். அங்கே தனி வீரனுக்கு விலையே கிடையாது. அணி முழுவதற்கும் ஒரே விலை. எனவே பாதிப் புள்ளித் தொல்லையும் ஒழிந்தது.

புள்ளியே வேண்டாம் என்று தூக்கிப்போட்டும் பார்த்தார்கள். 2015-இல் பழைய வார்ஹேமர் உலகத்தை முடித்துவிட்டு 'ஏஜ் ஆஃப் சிக்மார்' வந்தபோது விதிகள் மொத்தம் நாலு பக்கம். விலைப்பட்டியல் இல்லை. பிடித்த பொம்மைகளைக் கொண்டுவாருங்கள், இருவரும் பேசி ஆடுங்கள் என்றது அந்த விளையாட்டு. நெருங்கிய நண்பர்களுக்குள் அது நடந்தது. முன்பின் தெரியாத இருவர் சந்தித்தால் ஆட்டம் தொடங்கவே வழியில்லை. உன் டிராகனுக்கு என் எத்தனை எலி? ரசிகர்கள் தாங்களே விலைப்பட்டியல்கள் எழுதிக்கொண்டார்கள். ஓராண்டு கழித்து, 2016-இல், நிறுவனமே கையேடு வெளியிட்டுப் புள்ளிகளைத் திரும்பக் கொண்டுவந்தது. தப்பான எண்ணோடு சண்டை போட்டுக்கொண்டாவது ஆடத் தயாராக இருந்தவர்கள், எண்ணே இல்லாமல் ஆடத் தயாராக இல்லை.

சமநிலை பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் படைக்கும் படைக்கும் இடையிலான சமத்தைத்தான் பேசுவார்கள். 2008-இல் வார்ஹேமரில் வந்த கேயாஸ் பேய்ப்படை எல்லாரையும் நசுக்கியது உண்மை. சில போட்டிகளில் அதற்குப் புள்ளியைக் குறைத்துக் கொடுத்து ஆட வைத்தார்கள். இப்படி வெளியிலிருந்தே சரிசெய்துவிட முடிவதால் இது எனக்கு அவ்வளவு பெரிய குறையாகத் தெரியவில்லை. ஒரே படைக்குள், ஓர் அணிக்கும் இன்னோர் அணிக்கும் இடையே விலை கோணினால்தான் நிஜமான சேதம். ஈட்டிக்காரன் 5, வாள்காரன் 6. வாள்காரன் எல்லா விதத்திலும் இரு மடங்கு நல்லவன் என்றால் ஈட்டிக்காரனை யாரும் எடுக்கமாட்டார்கள். அவனை நாற்பது பேராக வாங்கி, வெட்டி, ஒட்டி, ஒவ்வொருவர் கண்ணுக்கும் ஒற்றை மயிர்த் தூரிகையால் வெள்ளை வைத்தவரின் மாதக்கணக்கான மாலை நேரங்கள் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். விலை எழுதுகிறவர் மேசைக்கு வரும் முன் அந்தப் பெட்டியை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு படைப்புத்தகம் நல்லதா என்று அறிய நான் கேட்கும் கேள்வியும் இதுதான்: எத்தனை அணிகள் பெட்டியை விட்டு வெளியே வருவதே இல்லை?

நீங்கள் உங்கள் நண்பர்களோடு சொந்தமாக ஓர் அணியை உருவாக்கினால், சூத்திரத்தில் தொடங்குங்கள். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். ஓர் ஆட்டம் ஆடி முடித்ததும் இடம் மாறி உட்காருங்கள். அவர் படை உங்களுக்கு, உங்கள் படை அவருக்கு. இரண்டு முறையும் ஜெயித்தது ஒரே ஆள் என்றால் அது பெரும்பாலும் ஆட்டத் திறமை. ஜெயித்தது ஒரே படை என்றால் விலையைச் சந்தேகிக்கலாம். பகடையின் குறும்பு அடங்க நாலைந்து முறை மாறி மாறி ஆட வேண்டும்.

அப்போதும் வாக்குவாதம் ஓயாவிட்டால் ஏலம் விடுங்கள். "இந்தப் படையை 1,900-க்கே நான் ஆடறேன்" என்று ஒருவர் கேட்கட்டும். மற்றவர் 1,850-க்கு இறங்கட்டும். எந்த எண்ணில் ஒருவர் "அதுக்குக் கீழே எனக்கு வேண்டாம், நீயே எடுத்துக்கோ" என்கிறாரோ, அந்த மேசையில், அந்த இருவருக்குள், அந்தப் படையின் விலை அது. அடுத்த முறை ஆடும்போது அந்த எண்ணிலிருந்து தொடங்குங்கள்.

அடுத்த வாரம் குன்று, காடு, ஆறு. மேசையில் ஒரு சுவரை நகர்த்தினால் வில்லாளியின் விலை என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

(தொடரும்)