மாலையில் வீடு திரும்பும் உத்தியோகம்

பொன்மலை ரயில்வே பட்டறையில் இன்று பெண்கள் வேலை பார்ப்பதை யாரும் அதிசயிப்பதில்லை. 1940-களில், பீகாரின் ஜமால்பூர் ரயில்வே பட்டறைக்கு ஓர் இளம் விதவை பயிற்சிக்குப் போனபோது எத்தனை புருவங்கள் உயர்ந்தனவோ! அவர்தாம் சென்னையைச் சேர்ந்த ஸ்ரீமதி ஏ. லலிதா.

1937-ல் கணவரை இழந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. மடியில் நான்கு மாதக் குழந்தை. மேலே படிக்கத் தீர்மானித்தார். படித்த பெண் என்றால் டாக்டர் என்பது அந்நாளைய வழக்கம். ஆனால் நடுநிசியில் யாராவது கதவைத் தட்டினால், தூங்கும் குழந்தையை விட்டுவிட்டல்லவா ஓட வேண்டும்? காலையில் போய் மாலையில் திரும்பும் உத்தியோகமே தேவை என்று எண்ணினார். தகப்பனார் கிண்டி என்ஜினீயரிங் கல்லூரிப் பேராசிரியர். 1940-ல் அங்கேயே மின்சாரப் பிரிவில் சேர்ந்தார். தாய் ஹாஸ்டலில், குழந்தை சகோதரர் வீட்டில். வாரக் கடைசியில்தான் சந்திப்பு! சர்ட்டிபிகேட்டில் ஆண்பாலாக அச்சாகியிருந்ததை அடித்துத் திருத்திக் கொடுத்தார்களாம்.

முதல் வேலை சிம்லாவில். பிறகு 1948-ல் கல்கத்தாவில். இரண்டு ஊரிலும் ஒரு சகோதரர் குடும்பம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் ஊரைத் தேர்ந்தார்.

கூடப் பிறந்தவர்கள் இல்லாதவள் என்ன செய்வாள் என்று கேட்பீர்கள். பொன்மலைப் பட்டறைப் பெண்ணுக்கு, மத்திய அரசு விதிப்படி, பணிக்காலத்தில் மொத்தம் 730 நாள் குழந்தை பராமரிப்பு விடுப்பு உண்டு. தனியார் கம்பெனிக்குப் போகிறவளுக்கு இன்னமும் பிறந்தகம்தான்.