பேரேரியிற் சிறுதோணி

கடல் கடந்த நாடுகளிற் குடியேறி வாழும் எம் பழைய மாணவரின் தொகை ஆண்டுதோறும் பெருகி வருகின்றது. அந்நாடுகளின் தொழில் நிலை, கல்வி முறை ஆகியவற்றைப் பற்றி எழுதுவோர் பலர். ஆங்குள்ள மக்கள் ஓய்வு நாளை எவ்வாறு கழிக்கின்றனர் என்பதை எழுதுவோர் சிலரே. ஆதலின் அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஜோர்ஜியா மாநிலத்திலுள்ள லனியர் என்னும் பேரேரியிலே, கயாக் என்னும் சிறுதோணியில் அமர்ந்து பாஸ் மீன் பிடிக்கும் முறையை இங்கு விளக்க முற்பட்டோம்.

இது வெறும் பொழுதுபோக்கு என்று தோன்றலாம். ஆயினும், வலிமை மிக்கோர் நெருங்கி இயங்கும் இடத்திலே வலிமை குறைந்தவன் தன் உயிர்க்கு இடரின்றித் தன் கருமத்தை முடிப்பது எவ்வாறு என்னும் வினா இதன்கண் அடங்கியுள்ளது. திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அவை அரசனை நோக்கிக் கூறப்பட்டவை. எனினும் அம்மூன்று தலைப்புக்களும் இச்சிறுதோணிக்காரனுக்கும் பெரிதும் பொருந்துவன.

ஏரியும் மீனும்

லனியர் ஏரி இயற்கையாய் அமைந்ததன்று. சட்டஹூச்சி ஆற்றை மறித்து, அமெரிக்கப் படையின் பொறியியற் பிரிவினர் 1950 ஆம் ஆண்டிற் பியூபோட் அணையைக் கட்டத் தொடங்கினர். 1956 இல் அதன் வாயில்கள் மூடப்பட்டன. பின்வந்த ஆண்டுகளிற் பள்ளத்தாக்குகள் ஒவ்வொன்றாய் நிரம்பின. அவ்வாற்றைப் பாடிய பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர் சிட்னி லனியரின் பெயரே ஏரிக்கு இடப்பட்டது. அதன் பரப்பு ஏறக்குறைய 38,000 ஏக்கர். கரையின் நீளமோ 692 மைல். குன்றுகளுக்கு இடையே நீர் புகுந்து, கை விரல்கள் போல எண்ணற்ற குடாக்களாய்ப் பிரிந்து கிடப்பதே கரை இத்துணை நீண்டிருத்தற்குக் காரணமாகும். நீரினடியிலே பழைய வீதிகளும், கட்டடங்களின் அத்திவாரங்களும், ஆழமான இடங்களில் வெட்டப்படாது விடப்பட்ட மரங்களும் உள்ளன. 2007 ஆம் ஆண்டின் வறட்சியில் நீர்மட்டம் ஏறத்தாழ 20 அடி தாழ்ந்தபோது, ஐம்பது ஆண்டுகளாய் மறைந்து கிடந்தவற்றுட் சில வெளிப்பட்டன.

அற்லாண்டா மாநகர் அண்மையில் இருத்தலின் இவ்வேரிக்கு ஆண்டொன்றில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வருகின்றனர். 1996 ஆம் ஆண்டின் ஒலிம்பிக் விளையாட்டில் துடுப்புப் படகுப் போட்டிகளும் விரைவோட்டக் கயாக் போட்டிகளும் இவ்வேரியிலேயே நடைபெற்றன. அன்று அப்போட்டிகளுக்கென ஒதுக்கப்பட்ட பாதையில் வேறு படகு எதுவும் குறுக்கிடவில்லை. இன்று மீன்பிடிக்கச் செல்லும் கயாக்குக்கு அத்தகைய தனிப்பாதை இல்லை. விரைவுப் படகுகள், வீடு போன்ற உல்லாசப் படகுகள், நீரில் ஓடும் மோட்டார்ச் சைக்கிள் எனத்தக்க ஊர்திகள் ஆகிய அனைத்தோடும் அதே நீரைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

பாஸ் என்ற பெயரைக் கேட்டதும் எம் களப்புக்களில் உள்ள கொடுவா மீனை எண்ணுதல் வேண்டா. கொடுவாவையும் ஆங்கிலத்தில் ஆசியக் கடற்பாஸ் என்பர். எனினும் அது வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. நாம் கூறும் பாஸ் வட அமெரிக்காவின் நன்னீரில் வாழ்வது. லனியர் ஏரியில் இதன் இரு வகைகள் சிறப்பானவை. ஒன்று பெருவாய் பாஸ். வாயை மூடிய நிலையில் இதன் வாய்க்கோடி கண்ணைக் கடந்து நிற்கும். மற்றையது புள்ளி பாஸ். இதன் வாய் அத்துணை நீண்டதன்று. விலாவின் கீழ்ப்புறத்திற் புள்ளிகள் வரிசையாய் அமைந்திருக்கும். பெருவாய் பாஸ் கரையோர மறைவிடங்களை விரும்பும். புள்ளி பாஸ் தெளிந்த ஆழ்நீரிற் கூட்டமாய்த் திரிந்து, ஹெரிங் என்னும் வெள்ளிநிறச் சிறுமீன்களை வேட்டையாடும்.

வலியறிதல்

கயாக் என்பது வடதுருவத்தை அடுத்து வாழும் இனுயிற் மக்களின் சொல். கரையொதுங்கிய மரத்தாலும் எலும்பாலும் சட்டம் அமைத்து, அதன்மேற் கடல்நாய்த் தோலைப் போர்த்து, வேட்டைக்கெனச் செய்த தோணி அது. இன்று மீன்பிடிப்போர் பயன்படுத்துவது பொலித்தீன் வகையால் வார்க்கப்பட்டது. 10 முதல் 13 அடி வரை நீளமும், ஏறக்குறைய 3 அடி அகலமும் உடையது. உள்ளே கால் நுழைத்து அமராமல் மேலே அமரும் வகையையே பெரும்பாலோர் விரும்புவர். மேலே விழும் நீர் துளைகள் வழியே வடிந்துவிடும். உட்புறம் மூடப்பட்டிருத்தலின் தோணி எளிதில் அமிழாது. நீரை வெளியே தடுத்து நிறுத்த முயலாமல், வந்த நீரைப் போகவிட்டு மிதக்கும் இத்தத்துவம் எம் கட்டுமரக்காரருக்குப் புதிதன்று.

இதன் வலிமை யாது? சில அங்குல நீரிலும் இது மிதக்கும். விழுந்த மரங்களுக்குப் பின்னாலும், தாழ்ந்த பாலங்களுக்குக் கீழும், மோட்டார்ப் படகு அஞ்சி நிற்கும் குடாவின் கடைக்கோடிக்கும் செல்லும். ஒலி எழுப்பாது. பாஸ் மீனின் விலாவில் உள்ள உணர்கோடு நீரின் சிற்றசைவையும் அறியவல்லது. ஆதலின் மெல்லச் செல்வோனுக்கே மீன் அகப்படும்.

இதன் வலியின்மையையும் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். மணிக்கு 40 மைல் வேகத்தில் வரும் படகு 10 செக்கனில் ஏறக்குறைய 590 அடி கடக்கும். மணிக்கு 3 மைல் வேகத்திற் செல்லும் கயாக் அதே நேரத்தில் 44 அடியே செல்லும். எனவே, வரும் படகைக் கண்டபின் விலகித் தப்புவோம் என்று எண்ணுதல் பேதைமை. கயாக்கில் அமர்ந்தோனின் தலை நீரிலிருந்து சில அடி உயரத்திலேயே இருக்கும். விரைவுப் படகு வேகமெடுக்கும்போது அதன் அணியம் மேலெழுந்து ஓட்டுவோனின் பார்வையை மறைக்கும். அவன் காணவேயில்லை என்று கொண்டு நடப்பதே அறிவுடைமை.

காலமறிதல்

ஏரி பரபரப்பானது என்பது நாள் முழுவதற்கும் பொருந்தாது. வேனிற்காலத்துச் சனி, ஞாயிறு நாட்களின் நண்பகலே நெருக்கடி மிக்க வேளை. வார நாளின் விடியற்காலையில் அதே ஏரி ஊர்க்குளம் போல அமைதியாய் இருக்கும். மீனுக்கும் அவ்வேளையே உகந்தது. வெளிச்சம் குறைந்த நேரத்திற் பாஸ் மேல்நீருக்கு வந்து சிறுமீன்களைத் துரத்தும். வெயில் ஏறியதும் ஆழத்திற்கோ மரநிழலுக்கோ இறங்கிவிடும். ஆகவே விடியலில் இறங்கி, ஒன்பது மணியளவிற் கரைசேர்வோன் மீனாலும் பயனடைவான்; படகு நெருக்கத்துக்கும் தப்புவான்.

பருவத்தையும் அறிதல் வேண்டும். இளவேனிலில் நீரின் வெப்பம் 60 முதல் 70 பாகை பரன்ஹைற் வரை உயரும்போது பாஸ் கரையோரத்தில் முட்டையிடும். ஆண்மீன் வாலாற் பள்ளம் செய்து, முட்டைகளையும் குஞ்சுகளையும் காவல் செய்யும். இக்காலத்திலே குடாக்களுட் சிறுதோணிக்கு நல்வாய்ப்பு உண்டு. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. மார்ச்சு மாதத்திற் காற்று இதமாய் இருந்தாலும் நீர் குளிர்ந்தே இருக்கும். குளிர்நீரில் வீழ்ந்தோனுக்கு முதலில் மூச்சுத் திணறும். பின்னர்க் கைகால்கள் வலுவிழக்கும். வானிலைக்கு ஏற்ப உடுத்தல் போதாது; நீரின் குளிருக்கு ஏற்ப உடுத்தல் வேண்டும்.

இடனறிதல்

ஏரியின் நடுவே அமைந்த பெருவழி விரைவுப் படகுகளுக்கு உரியது. அதைக் கடக்க நேரின், ஒடுங்கிய இடத்தைத் தேர்ந்து, இருபுறமும் நோக்கி, நேர்குறுக்காய் விரைந்து கடத்தல் வேண்டும். அதன் நடுவே நின்று தூண்டில் எறிதலாகாது. விரைவு தடைசெய்யப்பட்ட குடாக்களும், இறங்குதுறைகளின் நிழலும், விழுந்த மரங்களும் கயாக்குக்கு ஏற்ற இடங்கள். நங்கூரமிட்டோ மிதந்தோ நிற்கும் படகுக்கும், இறங்குதுறைக்கும், நீரில் உள்ள மனிதருக்கும் 100 அடிக்குள் வருவோர் மிகமெதுவாகவே செல்லுதல் வேண்டும் என்பது ஜோர்ஜியாவின் சட்டம். சட்டம் துணைநிற்கும் இடத்தை நாடுதலும் இடனறிதலே.

பெரும்படகு எழுப்பும் அலை வந்துவிடின், கயாக்கின் அணியத்தை அலையை நோக்கித் திருப்பி, துடுப்பை நீரில் ஊன்றியபடி அதனை எதிர்கொள்ள வேண்டும். விலாப்புறத்தைக் காட்டுதல் ஆபத்து. நங்கூரக் கயிற்றை அணியத்திலோ பின்முனையிலோதான் கட்டுதல் வேண்டும். நடுவிலாவிற் கட்டினால், அலை தோணியை உயர்த்தும்போது கயிறு அப்பக்கத்தைக் கீழே இழுத்துக் கவிழ்த்துவிடும்.

இவ்வுண்மையை யாம் ஏட்டில் மட்டும் கற்றோமல்லேம். ஒருமுறை யூலை மாதத்துச் சனிக்கிழமையன்று, ‘இன்னும் ஒரு மீன்’ என்னும் ஆசையால், கரைசேர வேண்டிய வேளை கடந்தும் நின்றோம். சோம்பலால் நங்கூரக் கயிற்றைக் கைக்கெட்டிய விலாப்புறத்திலேயே கட்டியிருந்தோம். தொலைவிற் சென்ற உல்லாசப் படகொன்றின் அலைகள் மூன்று அடுத்தடுத்து வந்தன. முதலலைக்குத் தோணி சாய்ந்தது, இரண்டாவதற்குக் கவிழ்ந்தது. தூண்டிற்கோல் இரண்டும் இரைப்பெட்டியும் ஆழத்திற் போயின. தோணியின் பின்புறத்தில் நட்டிருந்த செம்மஞ்சட் கொடி கவிழ்ந்தபோது நீருள் மறைந்தது. நல்வினைப் பயனாக, அது மறைந்ததைக் கண்ட முதிய தம்பதியர் தம் படகைத் திருப்பி வந்து எம்மைக் கரைசேர்த்தனர். அதுவரை எம்மை மிதக்க வைத்தது உடலோடு கட்டியிருந்த மிதவையங்கியே. படகோட்டிச் சென்றவர்மீது பழி கூற எமக்கு வாயில்லை. வலி, காலம், இடம் மூன்றையும் ஒருங்கே மறந்தவர் யாமே.

காப்பு

அமெரிக்கக் கரையோரக் காவற்படையினர் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளின்படி, படகு விபத்துக்களில் நீரில் மூழ்கி இறந்தோருள் ஐவருக்கு நால்வருக்கும் மேற்பட்டோர் மிதவையங்கி அணியாதவர்களே. படகில் அங்கி இருத்தல் வேறு. உடலில் இருத்தல் வேறு. கவிழ்ந்தபின் அதைத் தேடி அணிய இயலாது. லனியர் ஏரியிலேயே 2012 ஆம் ஆண்டின் வேனிலில் நிகழ்ந்த இரு மோதல்களாற் சிறுவர் மூவர் உயிர்நீத்தனர். அத்துயரின் பயனாக, 2013 இல் ஜோர்ஜியா மாநிலம் மதுவருந்திப் படகோட்டுதலுக்கான இரத்த மதுவளவின் எல்லையை 0.10 இலிருந்து 0.08 விழுக்காட்டிற்குக் குறைத்தது. 1998 ஆம் ஆண்டு தொடக்கம் பிறந்தோர் மோட்டார்ப் படகு ஓட்டுதற்கு முன் பயிற்சி பெறல் வேண்டும் எனவும் விதித்தது.

சட்டம் பிறரைத் திருத்தும். எம்மைக் காப்பது எம் முன்னேற்பாடே. உயர்ந்த கோலிற் செம்மஞ்சட் கொடி, விடியலிலும் அந்தியிலும் வெண்ணிற விளக்கு, கழுத்தில் ஊதுகுழல், பளிச்சென்ற நிறத்தில் உடை ஆகியன இன்றியமையாதன. புறப்படுமுன் செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டாரிடம் கூறிச் செல்லுதல் வேண்டும். இவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. ஆழங்குறைந்த வெந்நாள் நீரிலே, துணையோடு நின்று, தோணியைத் தாமே கவிழ்த்து, நிமிர்த்து, அதன் குறுக்கே மார்பால் ஏறிப் பின் திரும்பி அமரும் பயிற்சியைப் பலமுறை செய்தல் வேண்டும். இப்பயிற்சி இல்லாதவன் ஆழநீருக்குச் செல்லுதல் தகாது.

பிடித்தலும் விடுத்தலும்

கயாக் மீன்பிடிப் போட்டிகளிற் பின்பற்றப்படும் முறை பாராட்டத்தக்கது. மீனை நிறுப்பதில்லை; அளவுகோற் பலகையிற் கிடத்தி, நீளத்தைப் படமெடுத்து, உடனே அவ்விடத்திலேயே நீரில் விடுவர். மீன்களின் நீளத்தைக் கூட்டியே வெற்றி முடிவு செய்யப்படும். இளவேனிலில் இம்முறையின் நன்மை பெரிது. காவல் நிற்கும் ஆண்மீனை நெடுநேரம் அகற்றினால் ஏனைய மீன்கள் வந்து முட்டைகளைத் தின்றுவிடும். விரைவில் விட்டால் அது தன் கூட்டுக்கே மீளும். கையை நனைத்தே மீனைத் தொடுவர். உலர்ந்த கை அதன் உடலைக் காக்கும் வழுவழுப்பைத் துடைத்துவிடும். பெரிய நீரிற் சிறியவனாய் இருந்து தன் உயிரைக் காத்துக்கொள்வோன், தன்னினும் சிறிய உயிரிடத்து இரக்கங் காட்டுதல் முறையேயாம்.

கயாக்கிற் செல்வோன் ஏரியை வெல்வதில்லை. பெரும்படகுகளோடு போட்டியிடுவதும் இல்லை. அவை உறங்கும் வேளையில் எழுந்து, அவை செல்லா இடத்திற் சென்று, அவை வருமுன் வீடு திரும்புகின்றான். அந்நாட்டில் வாழும் எம் பழைய மாணவருள் எவரேனும் இத்துறையில் ஈடுபட விரும்பின், தூண்டிற்கோல் வாங்குமுன் மிதவையங்கியை வாங்குக. அதனை அணிந்தே நீரில் இறங்குக. குறித்த வேளையிற் கரைசேர்க. விட்ட மீன் நாளையும் ஏரியில் இருக்கும். அதனைப் பிடிக்க நாமும் இருத்தல் வேண்டும்.